இரண்டு உடல்களுக்கு நடுவே ஆமை

போன வருஷம் வேளாங்கண்ணிக்கு நடந்து போனபோது, கூட வந்த பிலோமினா அக்கா எனக்குச் சொன்ன கதை இது.

கடத்தல் தங்கம் பிடிக்கும் சுங்கக் கப்பல் ஒன்றுக்கு, ஒரே மேல்தளத்தின் கீழே, தண்ணீரில் மிதக்கும் இரண்டு உடல்கள்; இடது ஒன்று, வலது ஒன்று. முட்டையிடக் கரைக்குப் போகும் ஆமையை ஒவ்வொரு தடவையும் இடதும் நிறுத்தும், வலதும் நிறுத்தும்.

“வயித்துல என்ன?”

“முட்டைதான்யா. இப்பத்தானே அவரு கேட்டாரு!”

“அவரு கேட்டது அவருக்கு. எனக்குச் சொல்லு.”

ஒரு நாள் ஆமையின் கழுத்தில் கிழிந்த வலை சுற்றி இறுக்கிவிட்டது. மூச்சு முட்ட, இரண்டு உடல்களுக்கும் நடுவில் வந்து, “இதை எடுத்து விடுங்கய்யா” என்று கெஞ்சியது.

“வலது பார்த்துக்குவான்” என்றது இடது.

“இடது சும்மாத்தானே நிக்கிறான், அவன்கிட்ட சொல்லு” என்றது வலது.

ஆமைக்குப் பொறுமை போய்விட்டது. “என் வயித்துல தங்கம் இருக்கு!” என்று கத்தியது.

“எங்கே, எங்கே?” இரண்டும் ஒரே நேரத்தில் கொக்கியை இறக்கின. இடைஞ்சலாக இருந்த வலையை அறுத்து எறிந்துவிட்டு, ஆமையைப் புரட்டித் தட்டிப் பார்த்தன.

“முட்டைதானே இருக்கு?”

“அதைத்தானே எப்பவும் சொல்றேன்” என்று ஆமை கரையைப் பார்த்து நீந்தியது.

பிள்ளைங்களா, ஜெரால்டு, பெனிட்டா, என் கண் ஆபரேஷனுக்கு உங்கள்ல யாரு என்கூட வர்றீங்கன்னு இன்னைக்கே ரெண்டு பேரும் பேசிச் சொல்லிடுங்கப்பா.