பருந்து தூக்கிய கோழி

"ஆறாவது கோழியும் போச்சு. பருந்து தூக்கிட்டுப் போயிடுச்சு" என்றாள் மெலிடா. துவைத்த துணிகளோடு ஓடையிலிருந்து வந்தவள், தொட்டியை இறக்கி வைத்துச் சட்டைகளை ஒவ்வொன்றாக உதறி வேலியில் காயப்போட்டாள். குரலில் வருத்தமும் இல்லை, பதற்றமும் இல்லை. ஐந்து தடவை சொன்னது ஆறாவது தடவை தானாக வந்தது.

"எந்தப் பக்கமா வந்துச்சு?" என்று கேட்டார் அவள் கணவர் நிக்கனோர்.

"மலைப் பக்கமா."

"ம்."

மாமரத்தடியில் நாற்காலி போட்டு, மடியில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நாளாக இதே காவல்தான். துப்பாக்கி மட்டும் ஒருநாளும் வெடிக்கவில்லை.

அவள் துவைத்த சட்டைகளில் இரண்டு அழுக்கே ஆகாதவை. அவள் ஓடைக்குக் கிளம்பும்போதெல்லாம், "இதையும் போட்டுக்க" என்று எதையாவது தொட்டியில் போடுவது சமீபகாலமாக அவருக்குப் பழக்கமாகியிருந்தது. அவளும் ஏன் என்று கேட்டதில்லை. அந்த வீட்டில் இப்போது யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை.

மூன்று நாள் கழித்துப் பக்கத்து வீட்டு லிபோரியோ படலைத் தள்ளிக்கொண்டு வந்தான். கையில் செத்த பருந்து ஒன்று தலைகீழாகத் தொங்கியது.

"அண்ணே, நீங்க அண்ணாந்து பாத்துக்கிட்டே இருந்தா அது தானா வந்து மடியில விழுமா? இந்தாங்க, ஒரே குண்டு."

முற்றத்தின் நடுவில் மூங்கிலை நட்டு, அதன் உச்சியில் பருந்தைக் கட்டித் தொங்கவிட்டான். அந்த மலைக் கிராமங்களில் அப்படித்தான் செய்வார்கள். ஒன்று தொங்குவதைப் பார்த்தால் மற்றொன்று அந்தப் பக்கம் தலைகாட்டாது.

"இனிமே நிம்மதியாத் தூங்குங்க, அண்ணி. ஒரு கோழி குறைஞ்சாலும் என்னை வந்து கேளுங்க" என்றவன், காலடியில் ஓடிய குஞ்சுகளைப் பார்த்துச் சிரித்தான். "இத்தனை குஞ்சு திரியுது, ஒண்ணையும் தொடலை. கொழுத்த பெட்டையாப் பாத்துப் பாத்துத் தூக்கியிருக்கு. நாக்கு ருசி தெரிஞ்ச பய."

நிக்கனோர் சிரிக்கவில்லை. "கட்டு இறுக்கமா இருக்கான்னு பாரு" என்றார்.

மெலிடா லிபோரியோவுக்குக் காப்பி கொடுத்தாள். பருந்தின் ஒரு கண் மூடாமல் இருந்தது. பாவம், அவள் வீட்டுக் கோழி ஒன்றைக்கூட அது தொட்டதில்லை.

ஆறு கோழிகளும் ஓடைக்கு அந்தப் பக்கம் போயிருந்தன. நாலு நாளைக்கு ஒன்றாகக் காலைக் கட்டி, அழுக்குத் துணிக்கு அடியில் மறைத்து, மெலிடாதான் கொண்டுபோய்க் கொடுத்தாள். அங்கே மகள் யானெலி பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். நாற்பது நாளும் கோழிச்சாறு குடித்தால்தான் பெற்ற உடம்பு தேறும், பால் ஊறும். யானெலியின் வீட்டிலோ ஒரு கோழி இறகுகூடக் கிடையாது.

சேவல் சண்டையில் நிக்கனோரோடு கைகலந்தவரின் மகனைத்தான் யானெலி கட்டிக்கொண்டு போயிருந்தாள். "இந்த முற்றத்துலேருந்து ஒரு முட்டைகூட ஓடையைத் தாண்டக் கூடாது" என்றார் நிக்கனோர். அன்றோடு மகள் பேரை எடுப்பதையும் விட்டுவிட்டார். பேத்தி பிறந்த சேதியை லிபோரியோ வந்து சொன்னபோதுகூட, "என்னைக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டு வாழைக்காயை உரித்துக்கொண்டிருந்தார்.

மெலிடா முதலில் அழுது பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள். பிறகு எல்லாம் மரத்துப் போனது. பொய் சொல்லும்போது நெஞ்சு படபடப்பதுகூட இரண்டாவது கோழியோடு நின்றுவிட்டது.

இப்போது மூங்கிலைப் பார்த்தாள். நாளைக்கு ஏழாவது கோழி போக வேண்டிய நாள். யார் மேல் பழியைப் போடுவது? பயந்திருக்க வேண்டிய நேரம். ஆனால், அடுப்பில் வாழைக்காய் வெந்துவிட்டதா என்றுதான் யோசித்தாள்.

விடிந்தது. கோழிக் கூட்டின் பக்கமே போகாமல் துணிகளைத் தொட்டியில் அள்ளிப் போட்டாள். இனிமேல் கோழி இல்லை என்று மகளிடம் சொல்லிவிட்டு வரலாம், வேறு வழியில்லை என்று நினைத்தபடி சோப்பை எடுக்க உள்ளே போனாள்.

திரும்பி வந்தபோது மூங்கில் மொட்டையாக நின்றது. பருந்தைக் காணோம்.

தொட்டியைத் தூக்கினாள். கனத்தது. துணிக்கு அடியில் ஏதோ அசைந்தது. சட்டையை விலக்கிப் பார்த்தாள். நிக்கனோர் தன் கையாலேயே சோளம் ஊட்டி வளர்க்கும் சாம்பல் பெட்டை, கால் கட்டப்பட்டுக் கிடந்தது.

வீட்டுக்குப் பின்னாலிருந்து நிக்கனோர் மண்வெட்டியோடு வந்தார். கையெல்லாம் ஈர மண். அவள் முகத்தைப் பார்க்காமல், போட்டிருந்த சட்டையைக் கழற்றிக் கோழியின் மேல் மூடினார்.

"லிபோரியோ கேட்டா வேற ஒரு பருந்து வந்துச்சுன்னு சொல்லிக்கலாம்" என்றார். "நாப்பதுக்கு இன்னும் பதினாறு நாள் இருக்குல்ல?"