கோட்டுக்கு உள்ளே

“இன்னா சார், நீங்க வெட்ன குழியில நீங்களே வுழுந்துகினீங்க?”

ஜேசிபி ஓட்டும் ரஞ்சித் மேலிருந்து குனிந்து கேட்டார். நான் ஜீப்புக்குள், ஜீப் குழிக்குள். தேசியத் தொல்லியல் சங்கத்தின் வட்டாரச் செயலாளருக்கு உரிய கம்பீரத்தோடு ஜன்னல் வழியாக வெளியே தவழ்ந்தேன்.

வல்லம் வடகாலில் புதுத் தொழிற்சாலைக்கான மனை அது. நடுவில் ஒரு கல்வட்டம். இரண்டாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முன் யாரையோ புதைத்து, சுற்றிலும் கல் நட்ட இடம். காலையில் வந்து பார்த்தால் அதைச் சுற்றிச் சதுரமாகச் சுண்ணாம்புக் கோடு, பக்கத்தில் உறுமும் ஜேசிபி! குறுக்கே ஜீப்பை நிறுத்தி மறிக்க, வீரமாக ரிவர்ஸ் எடுத்தேன். போன மாதம் எங்கள் சங்கமே வெட்டிய சோதனைக் குழி மட்டும் நினைவுக்கு வரவில்லை. ஜீப்பின் முதுகு வட்டத்தின் ஒரு கல்லில் மோதிச் சாய்ந்து நின்றது. நல்லவேளை, கல் அசையவில்லை.

சைட் இன்ஜினியர் மோகனப்ரியா கைப்பேசியும் கையுமாக ஓடி வந்தார்.

“அடி எதுவும் படலையே சார்?”

“அது கிடக்கட்டும்மா. இந்தக் கல்வட்டத்தை என்ன பண்ணப்போறீங்க?”

“முதல்ல வண்டிய எடுத்துடலாம். ரஞ்சித்ண்ணா, செயின் மாட்டுங்க!”

“கீழ ஒருத்தர் படுத்திருக்கார்ம்மா. அவருக்காக யாரோ அழுதுகிட்டே இவ்ளோ பெரிய கல்லத் தூக்கிட்டு வந்திருக்காங்க. உங்க ஷெட்டு எங்க வேணா நிக்கும். இவரு எங்க போவாரு?”

“தள்ளி நில்லுங்க சார், செயின் அடிச்சிடப்போவுது.” மோகனப்ரியாவின் கண் கைப்பேசியிலேயே இருந்தது.

“பேச்சை மாத்தாதீங்க. எங்களுக்கு டெல்லி வரைக்கும் ஆள் கீறாங்க!” கோபம் வந்தால் எனக்கும் ஊர் பாஷை வந்துவிடும்.

“ஜீப்பத் தூக்கத்தான் ஆள் இல்லியா சார்?” என்றார் ரஞ்சித்.

ஜீப் மேலே வந்தது. நான் ஜேசிபியின் முன்னால் கைகளை விரித்து நின்றேன்.

“என்னைத் தாண்டித்தான் உள்ள தோண்டணும்!”

“உள்ள யார் சார் தோண்டப்போறா?” என்றார் மோகனப்ரியா.

“கோடு போட்டிருக்கீங்களே!”

கைப்பேசி கிணுகிணுத்தது. மோகனப்ரியா படித்துவிட்டு, முதல்முறையாக என்னை நேராகப் பார்த்துச் சிரித்தார்.

“கோடு போட்டா நீங்க உள்ள தோண்டுவீங்க சார். நாங்க கோட்டு மேல தோண்டுவோம், வேலிக் கம்பம் நட. ஷெட்ட பிளான்ல போன வாரமே தள்ளி வெச்சாச்சு. ‘வேலி எதுக்கு, எந்த வண்டி வந்து இதுல மோதப்போவுது’ன்னுதான் மேனேஜர் இழுத்துக்கிட்டே இருந்தாரு. உங்க ஜீப்ப போட்டோ எடுத்து அனுப்பினேன்... இப்ப ஓகே சொல்லிட்டாரு!”