பிழைப்பில் ஒரு கூடை மண்

ஜம்புலிங்கத்தின் கத்தரித் தோட்டத்தில் கன்னியம்மாள் மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தாள்.

பெண்பிள்ளை மண்ணை வாரித் தூற்றினால் அந்த வீடு விளங்காது என்று திருத்தணி மலையடிவாரத்தில் யாருக்குத்தான் தெரியாது? அதுவும் தூற்றுகிறவள் வேறு யாருமில்லை, செத்துப்போன அண்ணனின் பெண்சாதி. பாகம் பிரித்த நாளிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது.

ஜம்புலிங்கம் ஓடினான்.

"என் பொழப்புல மண்ணைப் போடவா வந்தே? செடியெல்லாம் வாடிக்கினு கீது, அது போதலியா ஒனக்கு?"

"நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"ஒண்ணும் சொல்லாதே, போ!"

கூடையை அங்கேயே போட்டுவிட்டு அவள் வேலியைத் தாண்டிப் போய்விட்டாள்.

கோபம் இறங்கியதும் ஜம்புலிங்கத்துக்கு அழுகைதான் வந்தது. பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகனுக்கு அரக்கோணத்தில் ரயில்வே உத்தியோகம். ஆடிக் கிருத்திகைக்குத் தலை காட்டினால் உண்டு. பேச்சுத் துணைக்கு இருப்பது இந்தக் கத்தரிச் செடிகள்தான். அவையும் போய்விட்டால் காலையில் எதற்கு எழுந்திருப்பது? இத்தனை வருஷம் கழித்துச் சொந்தம் என்று ஒன்று வேலி தாண்டி வந்தது. அதுவும் சபிக்கத்தானா?

மத்தியானம் விவசாய இலாகாக்காரர் பக்தவச்சலம் வந்தார். வாடிய செடி ஒன்றைப் பிடுங்கினார். வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக இருந்தது.

"வேர்ப்புழுதான்."

மேற்குப் பாத்தி மட்டும் பச்சென்று நின்றது. அங்கேயும் ஒன்றைப் பிடுங்கினார். வேர் சுத்தமாக இருந்தது.

"பரவாயில்லீங்களே! பக்கத்துத் தோட்டத்து அம்மா சொன்னபடியே மண்ணு போட்டுட்டாங்க."

"எந்த மண்ணு?"

"அவங்க தோட்டத்து மண்ணுங்க. அதுல கண்ணுக்குத் தெரியாத கிருமி ஒண்ணு இருக்குது. நல்ல கிருமி, இந்தப் புழுவைக் கொன்னுடும். போன தடவை வந்தப்போ நீங்க இல்ல. அவங்களாண்ட சொன்னேன். 'அவரு என்னாண்ட பேசமாட்டாரு, நானே போட்டுடறேன்'னாங்க. நடவுக்கு முன்னாடியே இந்தப் பாத்தியில போட்டிருக்காங்க."

ஜம்புலிங்கம் வேலிக்கு அப்பால் பார்த்தான். கன்னியம்மாள் தோட்டத்தில் ஒரு பாத்தி முழுக்க மேல்மண் சுரண்டிக் கிடந்தது. அதில் ஒரு செடிகூட இல்லை.

அவள் விட்டுப்போன கூடையை எடுத்துக்கொண்டு வேலியோரம் போய் நின்றான். கூப்பிட வாயெடுத்தான். சொல்லிப் பழக்கம் விட்டுப்போன வார்த்தை.

"அண்ணி," என்றான் கடைசியில். "என் பொழப்புல இன்னும் ஒரு கூடை மண்ணைப் போடுங்க."