மஞ்சள் மேல் மஞ்சள்

ஒரு கூடத்தில் சொரசொரப்பான மஞ்சள் சுவர் இருந்ததாம். அதில் நீலப் பூ வரைய ஒரு பிரஷ் வந்தது. பூ வெட்டிய அட்டையை ஒட்டித்தான் வரைந்தது. ஆனாலும் இரண்டு தடவை வரைந்தும் நீலம் அட்டைக்கு அடியில் கசிந்து, பூவின் ஓரம் கலைந்துபோனது.

"இந்த மேடுபள்ளம் இருக்கும்வரை பூ வராது. மொத்தமாகத் தேய்த்துவிடுகிறேன்" என்றது பக்கத்தில் கிடந்த உப்புத்தாள்.

சுவர் பிரஷிடம் கெஞ்சியது. "தம்பி, இன்னொரு தடவை பாரேன்."

"பார்க்காமல் போகமாட்டேன், அக்கா." பிரஷ் பழைய நீலத்தைத் துடைத்துவிட்டு, மறுபடி அட்டையை ஒட்டி, அதில் வெட்டிய பூவின் ஓரமெல்லாம் முதலில் மஞ்சளைப் பூசியது.

"மஞ்சள் மேல் மஞ்சளா? நல்ல வேலைக்காரன்தான்" என்று சிரித்தது உப்புத்தாள்.

மஞ்சள் அட்டைக்கு அடியில் கசிந்து, இடுக்கையெல்லாம் அடைத்துக்கொண்டு காய்ந்தது. அதன்மேல் நீலம் பூசி அட்டையை எடுத்தால், பூ துளியும் கலையவில்லை.

நம்பாத உப்புத்தாள் தடவிப் பார்க்க வந்தது.

"தள்ளி நில். இன்னும் ஈரம் காயவில்லை" என்றதாம் சுவர்.