ரோசரி பிரித்த குஞ்சுகள்

காசநோய்க் கணவருக்குத் தினமும் முட்டை கொடுக்கச் சொன்னார் டாக்டர். பாலக்கரை அமலராணி காதுத் தோட்டை விற்று வெள்ளைச் சீமைக்கோழிக் குஞ்சுகள் வாங்கினாள். பக்கத்து வீட்டு ரோசரி பார்த்துப் பிரித்தாள்.

“இதெல்லாம் பெட்டை. மீதி ஆறும் சேவல், தண்டத் தீனி.”

“அதை நீங்களே எடுத்துக்குங்க அக்கா.”

வளர்ந்ததும் அமலராணியின் பெட்டைகள் அத்தனையும் கூவின.

“குஞ்சுல யாருக்கும் பிசகும்மா. எனக்குக் கொடுத்ததை அப்பவே குழம்பு வச்சாச்சு” என்றாள் ரோசரி.

அதன்பின், கடையில் வாங்கி விற்பதாகச் சொன்ன ரோசரியின் வாசலில்தான் அமலராணி தினமும் முட்டை வாங்கினாள். ஒருநாள் குரல் கொடுத்தும் ஆள் வராததால் கொல்லைப்பக்கம் போனாள். அங்கே ஆறு வெள்ளைப் பெட்டைகள் மேய்ந்துகொண்டிருந்தன.

முட்டையோடு நிமிர்ந்த ரோசரிக்கு முகம் வெளுத்தது. “என்ன அமலராணி, இந்தப் பக்கம்?”

சுவருக்கு அப்பால் கணவர் இருமினார்.

“முட்டைக்குத்தான் வந்தேன் அக்கா” என்று அமலராணி கையை நீட்டினாள்.