பாலத்தில் யாரும் இறங்கவில்லை

பாலத்து நிறுத்தத்தில் யாரும் இறங்கவில்லை.

கண்டக்டர் மறுபடியும் விசில் ஊதினார். “பாலம் இறங்கறவங்கல்லாம் வாங்க, வாங்க!” என்று தொண்டை கிழியக் கத்தினார்.

ஒருவரும் அசையவில்லை.

காலை வண்டியில் பாதிக்கு மேல் கூட்டம் இறங்குகிற இடம் அது. அவர் பல வருடமாக இதே தடத்தில் ஓடுகிறார். பாலம் வந்ததும் பஸ் மூச்சு விட்டாற்போலக் காலியாகும். மிச்சமிருக்கிற ஏழெட்டுப் பேர் காலை நீட்டி உட்கார்ந்துகொள்வார்கள். இன்றைக்கு அத்தனை பேரும் பிடித்த கம்பியை விடாமல் நின்றார்கள்.

அவர் எட்டி முன்னும் பின்னும் பார்த்தார். ஏதாவது கலாட்டாவோ?

வேலைநிறுத்தத்தின் முதல் நாள். வேலைநிறுத்தம் என்றுதான் பெயர், வண்டியை நிறுத்தவில்லை. போன தடவை நிறுத்திப் பார்த்து, சனங்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம். அதனால் இந்தமுறை சங்கம் வேறு மாதிரி யோசித்தது. பஸ் ஓடும், டிக்கெட் கிழிக்க மாட்டோம். சம்பளத்தைக் கூட்டுகிறவரைக்கும் பஸ் கம்பெனிக்கு ஒரு காசு போகாது.

காலையிலிருந்தே வண்டிக்குள் ஒரே கூத்து. பை இல்லாத தோளோடு நின்ற கண்டக்டரைப் பார்த்துப் பதறிப்போன ஒரு பெரியவர், சில்லறையை அவர் சட்டைப்பையிலேயே திணிக்கப் பார்த்தார். ஒரு பெண் சந்தேகப்பட்டு ஏறவேயில்லை. கதவோரம் நின்ற வெல்டர் மட்டும் விடாமல் வம்பளந்துகொண்டு வந்தான்.

“தெரு விளக்குக்குக் கீழ நடந்தா யாராவது காசு கேக்கறாங்களா? பஸ்ஸுக்கு மட்டும் எதுக்குண்ணே? தெனமும் இப்படியே ஓடட்டுமே.”

“அப்ப எனக்கு யாருப்பா சோறு போடுவா?”

“விளக்கு போடறவனுக்கு யாரு போடறாங்களோ, அவங்கதான்.”

பஸ் முழுக்கச் சிரித்தது. கண்டக்டரும் சிரித்தார்.

இப்போது சிரிப்பெல்லாம் அடங்கி, எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

முன் இருக்கையில் ஒரு தையல்காரப் பெண் இருந்தாள். நிறைமாதம். தினமும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியாக இங்கே இறங்குகிறவள். ‘சீக்கிரம்மா’ என்று அவரே இரண்டொரு தடவை கடிந்திருக்கிறார்.

“ஏம்மா, நீ இங்கதானே இறங்குவே?”

“எனக்கு வேலை கடைசி நிறுத்தத்துலண்ணே. துணி கம்பெனி.” அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “பாலத்தோட ஒரு ஸ்டேஜ் முடிஞ்சிடுதுல்ல. அதுக்கு மேல வந்தா காசு கூட. அதான் நடந்துடுவோம்.”

நடந்துடுவோம்.

அவர் குனிந்து வெளியே பார்த்தார். பாலத்தடியில் ஒரு வீடு இல்லை. ஒரு கடை இல்லை. முள்ளும், உடைந்த லாரி டயர்களும், சாக்கடையும்தான். இத்தனை வருடமாக இந்த இடத்தில்தான் தினமும் ஒரு கும்பலை இறக்கிவிட்டிருக்கிறார். இவர்கள் இங்கே இறங்கி எங்கேதான் போகிறார்கள் என்று ஒரு நாளும் அவருக்குத் தோன்றியதில்லை.

விசில் வாயிலிருந்து நழுவிக் கயிற்றில் தொங்கியது. டிரைவர் தானாகவே வண்டியை எடுத்தார்.

“உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்” என்றார் டிரைவர், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். “திரும்பி வர்றப்ப தெனமும் எதிர்ல வருவாங்களே. மழைன்னாலும் வருவாங்க. நீ உள்ள பாத்தே நிப்பே.”

பாலம் ஏறி இறங்கியது பஸ். நடைபாதை என்று ஒன்று கிடையாது. லாரிகள் உரசிக்கொண்டு போயின. கிடங்குகளின் மதில் முடிகிற வழியாக இல்லை. கண்டக்டர் முதல்முறையாக அந்தத் தூரத்தை முழுக்கப் பார்த்தார். பிறகு பார்வையைத் தாழ்த்தினால், செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் ஊன்றியிருந்த அந்தப் பெண்ணின் பாதங்கள். இரண்டும் வீங்கிப் பளபளத்தன.

கடைசி நிறுத்தத்தில் துணி கம்பெனி கதவு இன்னும் திறக்கவில்லை. இவ்வளவு சீக்கிரம் யாரும் வந்து சேர்ந்ததில்லை. இறங்கியவர்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கல்யாண வீட்டுக்கு முன்கூட்டியே வந்துவிட்டவர்கள் மாதிரி ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். யாரோ பிளாஸ்க்கைத் திறந்து டீயைப் பங்கு போட்டார்கள். தையல்காரப் பெண் மதிலில் சாய்ந்து உட்கார்ந்து, முகத்தை வெயிலுக்குக் காட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் சங்கச் செயலாளரிடமிருந்து போன் வந்தது.

“ஜெயிச்சுட்டோம்டா!”

அவர் கத்திய கத்தலில் அது பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டுவிட்டது. டிரைவர் ஹாரனை அழுத்திப் பிடித்தார். வெல்டர் பாய்ந்து வந்து கண்டக்டரைக் கட்டிக்கொண்டான். முதலில் ஒருவர், பிறகு இருவர், அப்புறம் மொத்தக் கூட்டமும் கைதட்டியது. அவர்கள் வீட்டு விசேஷம் போல அப்படி ஒரு சந்தோஷம்.

கண்டக்டர் சிரித்துக்கொண்டே ஒரு காதைப் பொத்திக்கொண்டு, “என்னது? கேக்கலை, இன்னொரு தடவை சொல்லு” என்றார்.

செயலாளர் மிச்சத்தைச் சொன்னார். கேட்ட சம்பளத்தை அப்படியே கொடுத்துவிட்டார்களாம். அதை ஈடுகட்ட நாளையிலிருந்து டிக்கெட் விலையை ஏற்றிக்கொள்கிறார்களாம். நம்ம கையிலிருந்தா போகுது என்று சிரித்துவிட்டு போனை வைத்தார்.

கைதட்டல் இன்னும் ஓயவில்லை.

தையல்காரப் பெண் மதிலைப் பிடித்து எழுந்து, மெல்ல நடந்து அவரிடம் வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

“எவ்வளவுண்ணே ஏத்தியிருக்காங்க?”

சம்பளத்தைத்தான் கேட்கிறாள் என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.