புளி போட்ட காசு

நூற்றிருபது வருட அழுக்கின் விலை முப்பத்தெட்டாயிரம் ரூபாய். பழங்காசு வியாபாரி மாசிலாமணி, செண்பகவல்லியின் கறுத்த வெள்ளிக் காசுக்குப் போன வாரம் சொன்ன விலை அது. மகளின் நர்சிங் படிப்புக்குக் கட்ட வேண்டியது முப்பத்தைந்தாயிரம். நாளை கடைசி நாள். இன்று அவள் மேசையில் வைத்த காசு கண்ணைப் பறித்தது.

“தேய்ச்சிட்டியாம்மா?”

“புளி போட்டு. விக்கிற பொருளை அழுக்கோடயா குடுக்கிறது, அண்ணாச்சி?”

அவர் காசைச் சுண்டினார், கணீரென்றது. “அசல்தான். ஆனா வாங்குறவன் அந்தக் கறுப்புக்குத்தான பணம் குடுப்பான்! இப்ப இது வெறும் வெள்ளி. மாப்பிள்ளைய வழியனுப்பிட்டு மாலைய மட்டும் கொண்டாந்திருக்க.”

அவள் பையிலிருந்து, தேய்த்த துணியை எடுத்தாள். “கறுப்பு பூரா இதுலதான் இருக்கு.”

அவர் காசைத் தராசில் வைத்தார். எடைக்கு ஆயிரத்து எழுநூறு. மீதிக்கு அவள் துணியை நீட்டியபடியே நின்றாள்.